முருகன் ரெண்டு தடவை கிளம்புனான்

ஓம் சரவணபவ. 

காலைல ஒன்பதரை மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங். மேனேஜர் ஒவ்வொருத்தர்கிட்டயா அப்டேட் கேட்டுக்கிட்டு வருவார். என் முறை வர்றதுக்குள்ள நான் அண்டார்டிகா போயிட்டுத் திரும்பியிருப்பேன். வெள்ளைச் சட்டை, அரை டவுசர், கையில கயிறு, காலுல செருப்பு கிடையாது (சொகுசு யாட் தளத்துல பெரும்பாலும் செருப்பு போட விட மாட்டாங்க, தேக்கு மரம் கெட்டுப் போயிரும்). எதிர்ல நீல நிறத்துல பனிமலை. அண்டார்டிகாவுல அரை டவுசரான்னு கேக்காதீங்க. கனவுல குளிராது.

இந்தக் கனவுக்கு வயசு ஒன்றரை வருஷம். பணக்காரங்க சொந்தமா வச்சிருக்கற, இல்லன்னா வாரக் கணக்குல வாடகைக்கு விடுற பெரிய சொகுசுப் படகு இருக்குல்ல, அதுல க்ரூவா வேலைக்குச் சேர்ந்து உலகம் சுத்தணும். அதுவும் சும்மா துபாய் கரையில நிக்கிற படகு இல்ல. பனிக்கடல், ஆளில்லாத தீவுன்னு தேடிப் போற எக்ஸ்பெடிஷன் யாட். இத்தனைக்கும் நான் படிச்சது இன்ஜினியரிங், பாக்குறது சாஃப்ட்வேர் வேலை. நாலு வருஷம் சென்னையில இருந்துட்டு இப்போ ஒத்தக்கடையில வீட்டு மாடி ரூம்ல உக்காந்து வேலை பாக்குறேன். ஜன்னலைத் திறந்தா யானைமலை. படுத்த யானை மாதிரியே இருக்கும், நான் பொறந்ததுல இருந்து அது எந்திரிக்கல. கடலைப் பாக்கணும்னா எந்தப் பக்கம் போனாலும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல பஸ்ல உக்காரணும். நீச்சல் தெரியும், ஆனா கிணத்து நீச்சல்.

இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப எழுதுறதுக்குக் காரணம் ஒரு தம்பி. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போனப்ப எங்க கூட வந்தவன், வயசு 21. போன மாசம் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்ல கேட்டான்: "அண்ணே, கப்பல் வேலைக்குப் போகணும்னு சின்ன வயசுல இருந்து ஆசை. வீட்டுல அம்மா அழறாங்க. அவங்க அழ அழக் கிளம்பிப் போறது பாவமாண்ணே?"

ரெண்டு நீல டிக் விழுந்துருச்சு. பதில் போடல. "முருகன் பாத்துப்பான் தம்பி"ன்னு ஒரு ஸ்டிக்கர் அனுப்பித் தப்பிச்சிருக்கலாம். ஆனா அவன் கேட்டது என் கேள்வியும்தானே. இந்தப் பதிவு அவனுக்கு நான் பாக்கி வச்ச பதில்.

முதல்ல அந்த வேலை நிஜத்துல என்னன்னு பாத்துருவோம். ஒன்றரை வருஷமா இதைத்தானே தேடிக்கிட்டு இருக்கேன், இந்த விஷயத்துல நான் கொஞ்சம் விவரமானவன்.

டெக்ஹேண்டுன்னா விடியறதுக்குள்ள எந்திரிச்சு தளத்தைக் கழுவணும். உப்புத்தண்ணி காஞ்சா வெள்ளையாப் படியும், அதனால நல்ல தண்ணி ஊத்தித் துடைக்கணும். கம்பி கைப்பிடி எல்லாம் முகம் தெரியற மாதிரி பாலிஷ் போடணும். கரைக்கு வந்தா கயிறு கட்டணும், ஃபெண்டர் தொங்க விடணும், விருந்தாளிகளைச் சின்னப் படகுல ஏத்தி இறக்கணும். உள்வேலைன்னா ரூம் சுத்தம், துணி துவைச்சு இஸ்திரி, சாப்பாடு பரிமாறுறது. படுக்க, கீழ்த்தளத்துல ரெண்டு பேர் பங்கு போட்டுக்கற அடுக்குக் கட்டில். இந்த வேலைக்குப் போகக் கடல் தகுதிக்கான மருத்துவச் சான்று வேணும். அப்புறம் எஸ்.டி.சி.டபிள்யூ.னு ஒரு அடிப்படைப் பயிற்சி. தண்ணியில உயிர் பிழைக்கிறது, தீ அணைக்கிறது, முதலுதவி, கப்பல் பாதுகாப்பு, இதெல்லாம் அதுல வரும். நம்ம நாட்டுல இருந்து கப்பல் ஏறுறவங்களுக்கு சி.டி.சி.னு ஒரு சின்னப் புத்தகம், கிட்டத்தட்டக் கடல் பாஸ்போர்ட் மாதிரி.

வேலை நேரத்துக்கு எம்.எல்.சி. 2006-னு சர்வதேசக் கடல்தொழிலாளர் ஒப்பந்தம் இருக்கு. இந்தியா 2015-ல ஏத்துக்கிச்சு. 24 மணி நேரத்துல 10 மணி நேரமாவது ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரமாவது ஓய்வுன்னு அதுல இருக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கு 14 மணி நேர வேலை சட்டப்படியே சரி! நம்ம ரிலீஸ் வாரத்துல புலம்புற புலம்பல் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு எனக்கு. இன்னொண்ணு, அந்த ஒப்பந்தம் வியாபாரத்துக்கு ஓடுற கப்பலுக்குத்தான். முதலாளி தன் குடும்பத்துக்கு மட்டும்னு வச்சிருக்கற யாட்டை அது கட்டாது.

ஏஜென்ட் விஷயமும் சொல்லிர்றேன், பல தம்பிங்க இதுலதான் மாட்டுறாங்க. கடல்வேலை வாங்கித் தர்றதுக்குன்னு வேலை தேடுறவன்கிட்ட ஏஜென்ட் கட்டணம் வாங்கக் கூடாதுன்னு அதே ஒப்பந்தம் சொல்லுது. மருத்துவச் சான்று, கடல் புத்தகம், பாஸ்போர்ட் மாதிரி செலவுதான் நம்மளுது. இந்தியாவுல ஆள் எடுக்குற கம்பெனிக்கு டி.ஜி. ஷிப்பிங் கொடுக்குற ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் இருக்கணும், அவங்க வெப்சைட்லயே பாத்துக்கலாம். இதெல்லாம் தெரிஞ்சும் நான் டெலிகிராம்ல ஒருத்தன்கிட்ட ரெண்டரை லட்சம் கட்ட ரெடியா இருந்தேன். பணம் அனுப்புற ஸ்கிரீன் வரைக்கும் போயிட்டேன். ஓ.டி.பி. வர லேட்டாச்சு, அந்தக் கேப்புல புத்தி வந்துச்சு. ஓ.டி.பி. ரூபத்துல யார் வந்தான்னு உங்களுக்கே தெரியும்.

சரி, இவ்வளவும் தெரிஞ்சப்புறம் கனவு போயிருக்கணும்ல? போகல. ஆனா ஒரு உறுத்தல் வந்துச்சு. அண்டார்டிகாவுல கரை இறங்குறதுக்கு அங்க போற டூர் கம்பெனிங்களோட சங்கம் விதி வச்சிருக்கு. ஒரு இடத்துல ஒரே நேரத்துல 100 பேருக்கு மேல இறங்கக் கூடாது. இறங்குறதுக்கு முன்னாடியும் ஏறுறப்பவும் பூட்ஸைக் கழுவி மருந்துல முக்கணும், வெளி மண்ணோ விதையோ அங்க ஒட்டிரக் கூடாதுன்னு. நல்ல விதி. அந்த பூட்ஸைத் தேய்ச்சு விடுறது யாரு? க்ரூ. விருந்தாளி பெங்குவினைப் பாத்துட்டு வருவார், நான் அவர் பூட்ஸைப் பாத்துக்கிட்டு நிப்பேன். உலகத்தைச் சுத்துனேன்னு சொல்லிக்கலாம். பாத்தேன்னு சொல்ல முடியுமா?

இங்கதான் எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்க வருவாங்க. "பணக்காரன் சாப்பிட்ட தட்டை எடுக்கவாடா இன்ஜினியரிங் படிச்ச?" சித்தப்பா இதை என்கிட்ட இன்னும் கேக்கல (அவருக்குத் தெரியாதே), ஆனா குரல் காதுல கேக்குது. இந்த வாதம் எனக்குச் சரியாப் படல. நான் இப்ப என்ன செய்றேன்? வெளிநாட்டு ஹோட்டல் கம்பெனி ஒண்ணோட புக்கிங் வெப்சைட்ல பட்டன் சரியா வேலை செய்யுதான்னு பாக்குறேன். அந்தப் பட்டனை அமுக்கி ரூம் போடுறவருக்கு நானும் பணியாள்தான். ஏ.சி. ரூம்ல உக்காந்து செய்றதால தட்டு கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

பழனிக்கு நடந்தவங்களுக்கு இடும்பன் கதையைச் சொல்ல வேண்டியதில்ல. அகத்தியர் சொன்னார்னு சிவகிரி, சக்திகிரி ரெண்டு மலையையும் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தவன். அவன் மலை இல்ல, அவன் கேட்டதும் இல்ல. இன்னொருத்தர் சுமையை இன்னொருத்தருக்காகச் சுமந்தான். இளைப்பாற இறக்கி வச்ச இடம் பழனி. மறுபடி தூக்க முடியல, மேல பாத்தா ஒரு பையன் நிக்கிறான். சண்டை, மரணம், மறுபடி உயிர், அப்புறம் இடும்பனைக் கும்பிட்டுட்டு முருகனைக் கும்பிடுற வழக்கம். நம்ம காவடிக்கே அவன் தோள்தான் மூலம். அதனால சுமக்குறவன் மட்டம்னு ஒரு முருக பக்தன் சொன்னா அது செல்லாது.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. தான் யாருக்குச் சுமக்குறோம்னு இடும்பனுக்குத் தெரியும். பெரிய யாட் பலதுக்கு முதலாளி யாருன்னு க்ரூவுக்கே சரியாத் தெரியாது. எங்கயோ ஒரு சின்னத் தீவுல பதிவான கம்பெனி பேர்லதான் படகு இருக்கும், கொடி இன்னொரு நாட்டுது. யாரோ ஒருத்தர் முடிவுல உங்க உயிரும் வருஷங்களும் கட்டியிருக்கும்.

இதுக்கு உதாரணம் தேடி எங்கயும் போக வேணாம். ஒத்தக்கடைக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுல இருந்து பைக்ல பத்து நிமிஷத்துல ஹைகோர்ட் மதுரைக் கிளை. அங்க ஒரு கப்பலோட கதை முடிஞ்சிருக்கு.

கப்பல் பேர் சீமேன் கார்டு ஓஹியோ. அமெரிக்கக் கம்பெனியோடது, சியரா லியோன் கொடி. வியாபாரக் கப்பல்களைக் கடல் கொள்ளையர்கிட்ட இருந்து காப்பாத்துற ஆயுதக் காவலர்களை ஏத்திக்கிட்டுப் போறது அதோட வேலை. 2013 அக்டோபர்ல தூத்துக்குடிக்கு அப்பால இந்தியக் கடலோரக் காவல்படை பிடிச்சுருச்சு. கப்பல்ல மொத்தம் 35 பேர்: எஸ்டோனியாக்காரங்க, பிரிட்டிஷ்காரங்க, உக்ரைன்காரங்க, நம்ம இந்தியர்கள் 12 பேர். அந்த 35 பேர்ல 10 பேர் வெறும் கப்பல் ஊழியர்கள், துப்பாக்கி வேலைக்கு வந்தவங்களே இல்ல. அனுமதியில்லாம ஆயுதத்தோட இந்திய எல்லைக்குள்ள வந்தாங்கன்னு வழக்கு. 2014-ல மதுரைக் கிளை ஆயுதக் குற்றச்சாட்டை ரத்து பண்ணுச்சு. 2015-ல சுப்ரீம் கோர்ட் இல்ல, விசாரணை நடக்கட்டும்னு சொல்லிருச்சு. 2016 ஜனவரில தூத்துக்குடி கோர்ட் எல்லாருக்கும் 5 வருஷ சிறை. 2017 நவம்பர் 27-ல மதுரைக் கிளை 35 பேரையும் விடுதலை பண்ணுச்சு.

நாலு வருஷம் போச்சு. அந்த ஆறு பிரிட்டிஷ்காரங்களுக்காக அவங்க நாட்டுல சென்னை சிக்ஸ்னு பேர் வச்சு இயக்கமே நடந்துச்சு. நம்ம 12 பேருக்கு யாரும் பேர் வைக்கல. அவங்க வீட்டுலயும் ஒரு அம்மா, "போகாதடா"ன்னு அழுதிருக்கலாம். தீர்ப்பு வந்தப்ப நான் காலேஜ் படிச்சுக்கிட்டு இருந்தேன், அந்த ரோட்டுலதான் தினமும் போவேன், ஒண்ணும் தெரியாது.

தம்பி, உங்க அம்மா அழறது உன் ஆசைக்கு எதிரான்னு எனக்குத் தோணல. கண்ணுக்குத் தெரியாத ஒருத்தன் கையில புள்ளையை ஒப்படைக்கிற பயம் அது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கு.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு, அது இன்னும் கனமானது. 2024 ஆகஸ்ட் 19, இத்தாலியில சிசிலிக் கரைப் பக்கம் பேயீஷியன்னு 56 மீட்டர் நீளச் சொகுசு யாட், விடியக்காலைல அடிச்ச புயல் காத்துல கவிழ்ந்து முழுகுச்சு. உள்ள 22 பேர். 12 பேர் விருந்தாளிகள், 10 பேர் க்ரூ. செத்தது 7 பேர். ஆறு விருந்தாளி, ஒரு க்ரூ, அது சமையல்காரர். உடனே உலகமே கேட்ட கேள்வி, "க்ரூல ஒன்பது பேர் எப்படிப் பிழைச்சாங்க?" அடுத்த வருஷம் வந்த பிரிட்டன் விசாரணையோட இடைக்கால அறிக்கை வேற மாதிரி சொல்லுச்சு. குறிப்பிட்ட நிலையில அந்தப் படகு பலமான பக்கக் காத்தைத் தாங்காதுங்கற விவரம் படகுல இருந்த கையேட்டுலயே இல்ல, முதலாளிக்கும் க்ரூவுக்கும் அது தெரிஞ்சிருக்காதுன்னு. ஆனாலும் பாருங்க, பிழைச்சதுக்குக் கணக்கு கேக்கப்படுற வேலை அது. என் வேலைல தப்பு நடந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு ரோல்பேக் பண்ணிட்டுத் தூங்கிருவேன். கடல்ல ரோல்பேக் கிடையாது.

இதுவரைக்கும் எழுதுனதைப் படிச்சா நான் என்னமோ போகாதீங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு. அப்படி இல்ல. கடலுக்குப் போனவங்கள்ல என்னைத் தூங்க விடாத ரெண்டு பேர் இருக்காங்க. லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, புதுச்சேரிப் பொண்ணு. லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, கோழிக்கோடு. ரெண்டு பேரும் கடற்படை அதிகாரிகள். 2024 அக்டோபர் 2-ல கோவாவுல இருந்து ஐ.என்.எஸ்.வி. தாரிணிங்கற 56 அடி பாய்மரப் படகுல கிளம்பி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து, தென்னாப்பிரிக்கா வழியா உலகத்தைச் சுத்தி 2025 மே 29-ல திரும்பி வந்தாங்க. 25,000 கடல் மைலுக்கு மேல, காத்தை நம்பி, ரெண்டே பேர். நடுவுல பாயின்ட் நீமோவைத் தாண்டுனாங்க. எந்தப் பக்கம் திரும்புனாலும் கரைக்கு 2,600 கிலோமீட்டருக்கு மேல. அங்க இருக்கும்போது பல நேரம் பக்கத்துல இருக்கற மனுஷங்க, தலைக்கு மேல சுத்துற விண்வெளி நிலையத்துல இருக்கறவங்கதான்.

அவங்களும் க்ரூதான். கயிறு இழுத்தாங்க, தளம் துடைச்சாங்க, சமைச்சாங்க. விருந்தாளின்னு யாரும் கிடையாது, பாக்குறவங்களும் வேலை செய்யறவங்களும் ஒரே ஆளு. இந்தப் பயணத்தைப் பத்தி முதல்ல படிச்சப்ப சந்தோஷத்துக்குப் பதிலா எனக்குப் பொறாமைதான் வந்துச்சு. சாகசத்து மேல பொறாமை இல்ல. அவங்க கிளம்புன நாள்ல இருந்து திரும்பி வர்றது திட்டத்துலயே இருந்துச்சு, கரையில ஆளு காத்துக்கிட்டு இருந்தாங்க. என் கனவுல திரும்பி வர்ற சீனே கிடையாது. இது ஏன்னு யோசிக்க ஆரம்பிச்சப்பதான் மாம்பழக் கதை ஞாபகம் வந்துச்சு.

நாரதர் பழம் கொண்டு வந்தார், உலகத்தை முதல்ல சுத்தி வர்றவங்களுக்குப் பழம், பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுத்துனார், வாங்கிட்டார். சின்ன வயசுல இதைச் சொல்றவங்க எல்லாம் பிள்ளையார் புத்திசாலின்னுதான் முடிப்பாங்க. எனக்கு அப்பவே கோவம் வரும். எங்க மொழியில சொன்னா, ரெக்வயர்மென்ட்ல உலகம்னா என்னன்னு யாரும் டிஃபைன் பண்ணல. சொன்னதைச் சொன்னபடி செஞ்சவன் நம்ம ஆளு. மலை, கடல், தீவு எல்லாத்தையும் நிஜமாவே பாத்துட்டு வந்தவன் அவன் ஒருத்தன்தான். பாதி வழியில சுருக்கு வழி தேடல.

ஆனா இந்தக் கதையில முருகன் ரெண்டு தடவை கிளம்புறான். இதை நான் இத்தனை வருஷம் கவனிக்கல. முதல் தடவை ஆசையில கிளம்புனான், சுத்திட்டு நேரா அம்மா அப்பாகிட்ட வந்து நின்னான். அந்தப் பயணத்துக்கு வீடுங்கறது முடியுற இடம். ரெண்டாவது தடவை கோபத்துல கிளம்புனான். அதுக்கு முடியுற இடம் பழனி. திரும்பல.

கோபத்துல போனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா நம்ம வாய்தான் வேகும். அந்தக் கோபம் இல்லன்னா பழனி ஏது, நம்ம பாதயாத்திரை ஏது? ஆனா எப்படிப் போனான்னு பாருங்க. பழம் வேணாம், நகை வேணாம், பட்டு வேணாம். கோவணமும் தண்டமும் மட்டும். எதை வச்சுக் கோபம் வந்துச்சோ அதையே விட்டுட்டுப் போனான். கையில கணக்கு நோட்டு இல்ல.

இப்ப என் கதை. எங்க அப்பா மேலூர் ரோட்டுல சின்னதா ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். அண்ணன் டிப்ளமோ முடிச்சதுல இருந்து கடையிலதான். நான் சென்னை போனேன், நாலு வருஷம் சம்பளத்துல பாதியை வீட்டுக்கு அனுப்புனேன், கடைக் கடனை அடைச்சதுல என் பங்கு நிறையவே இருக்கு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி அப்பா கடையையும் இடத்தையும் அண்ணன் பேர்ல செட்டில்மென்ட் எழுதி வச்சார். என்கிட்ட முன்னாடி சொல்லல. கேட்டதுக்கு, "உனக்குத்தான் மாசாமாசம் சம்பளம் வருதேடா, அவன் எங்களைச் சுத்தியே கிடக்குறவன்"னார்.

எங்களைச் சுத்தியே கிடக்குறவன். அவர் மாம்பழக் கதையை நினைச்சுச் சொல்லல, சத்தியமா. வாயில வந்துச்சு.

நான் ஒண்ணும் சொல்லல. சரிப்பான்னுட்டு மாடிக்குப் போயிட்டேன். போன வாரம் சும்மா இருக்காம யூடியூப் ஹிஸ்டரியில பின்னாடி போய்ப் பாத்தேன், என் முதல் யாட் வீடியோ எப்பன்னு. பத்திரம் பதிஞ்ச தேதிக்கு நாலாவது நாள். மனசு ஆயிரம் கதை சொல்லும், லாக் பொய் சொல்லாது.

அதுக்கப்புறம் என் கனவைத் திருப்பி ஓட்டிப் பாத்தேன். பனிமலை, கயிறு, வெள்ளைச் சட்டை எல்லாம் இருக்கு. கூடவே ஒவ்வொரு தடவையும் ஒரு சீன் வந்துக்கிட்டு இருந்திருக்கு, நான் அதைப் பெருசா எடுத்துக்கல. அப்பா போன் பண்றார். எனக்கு டவர் இல்ல. அவர் திரும்பத் திரும்பப் பண்றார், லைன் கிடைக்கல. அந்த இடத்துல கனவுல எனக்கு ஒரு சுகம்.

அண்டார்டிகா போறதுக்கு இல்ல நான் ஆசைப்பட்டது. டவர் இல்லாத இடத்துக்கு. பூட்ஸ் கழுவுறேனா, பெங்குவின் பாக்குறேனாங்கறது எனக்குப் பிரச்சினையே இல்லாமப் போனதுக்கு இதான் காரணம். முருகன் முதல் தடவை போன மாதிரி பாக்கணும்ங்கற ஆசையும் என்கிட்ட இல்ல, ரெண்டாவது தடவை போன மாதிரி விடுற தைரியமும் இல்ல. பழத்தையும் விட மனசில்லாம, கணக்கு நோட்டைப் பையில வச்சுக்கிட்டு, யாரோ ஒருத்தர் படகுல ஏறி ஒளிஞ்சுக்கப் பாத்தேன்.

இதை முழுசா யோசிச்சது லாடன் கோயில்ல உக்காந்து. நரசிங்கம் போறவங்க பல பேர் பெருமாளைக் கும்பிட்டுட்டுத் திரும்பிருவாங்க. கொஞ்சம் தள்ளி யானைமலை அடிவாரத்துல அந்தச் சின்னக் குடைவரை இருக்கு, பாண்டியர் காலத்துது, ஆயிரத்து இருநூறு வருஷம் இருக்கும். உள்ள முருகனும் தெய்வானையும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துருப்பாங்க. கூட்டம் இருக்காது. அங்க அவன் எங்கயும் கிளம்புற மாதிரி இல்ல. நான் ஒரு மணி நேரம் இருந்தேன். பதில் எதுவும் வரல, கொசுதான் கடிச்சுச்சு.

மறுநாள் தம்பிக்குப் போன் பண்ணுனேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன், "உன் கனவுல யாரெல்லாம்டா இருக்காங்க?" அவனுக்குப் புரியல. "கப்பல்ல நீ இருக்கல்ல, அப்போ உங்க வீட்டு ஆளுங்க யாராவது வருவாங்களா?" கொஞ்ச நேரம் யோசிச்சான். "இல்லண்ணே, இன்ஜின் ரூம்தான் வரும். சத்தமா இருக்கும். அப்புறம் லீவுக்கு வந்து அம்மாகிட்ட போட்டோ காட்டுற மாதிரி வரும்"னான்.

அவனுது முதல் பயணம். எனக்குச் சந்தேகமே இல்ல. ஆர்.பி.எஸ்.எல். லிஸ்ட் பாக்குறது எப்படின்னு சொல்லிக் கொடுத்தேன். எந்தக் கொடி, யார் முதலாளி, ஒப்பந்தத்துல திரும்பி வர்ற டிக்கெட் யார் செலவுன்னு கேக்காம கையெழுத்துப் போடாதன்னேன். அந்தப் பேப்பரை எல்லாம் அம்மாவை உக்கார வச்சுப் படிச்சுக் காட்டுன்னேன். அவங்க அழுகை நிக்குமான்னு தெரியாது. ஆனா யார் கையில புள்ளையைக் கொடுக்குறோம்ங்கறது ஓரளவுக்குத் தெரியும்ல.

என் விஷயம் அவ்வளவு சுலபமா முடியல. அப்பாகிட்ட இன்னும் பேசல. மூணு தடவை மாடிப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். அண்ணன்கிட்ட மட்டும் போன ஞாயித்துக்கிழமை சொன்னேன், கடை மூடுற நேரம். பத்திரத்தைப் பத்தி இல்ல, படகைப் பத்தி. ஒன்றரை வருஷமா இப்படி ஒரு நினைப்பு ஓடிக்கிட்டு இருக்குண்ணேன்னு. அவன் நட்டு போல்ட் எல்லாம் டப்பாவுல பிரிச்சுப் போட்டுக்கிட்டே கேட்டான். திட்டல, சிரிக்கவும் இல்ல. கடைசியில கேட்ட ஒரே கேள்வி:

"ஏண்டா, உப்புத்தண்ணியிலயே நிக்குமே, இரும்பு துரு பிடிக்காது? என்ன அடிப்பாங்க அதுக்கு?"

போன்ல தேடிப் பாத்துட்டு, "எபாக்சி ப்ரைமர்னு போட்டிருக்குண்ணே"ன்னேன்.

"அது நம்ம கடையிலயே இருக்குடா"ன்னு மேல் ரேக்கைக் காட்டுனான்.

முருகா சரணம்.